வெளிச்சம் தான் விலை: வீட்டில் செய்த ப்ரொஜெக்டரின் கதை

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க. நடுவுல பெருக்கல், வகுத்தல் வரும். எட்டாங்கிளாஸ் கணக்கு தான், பயப்பட வேண்டாம் :-)

2000களின் நடுவில் அமெரிக்காவிலயும் ஐரோப்பாவிலயும் நிறைய பேர் ஒரு விசித்திரமான வேலை செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. நல்லா ஓடிக்கிட்டிருக்கிற 15 இஞ்ச் எல்.சி.டி. மானிட்டரை மேஜை மேல போட்டு ஸ்க்ரூ எல்லாம் கழட்டுவாங்க. பின்னாடி இருக்கிற பேக்லைட்டைப் பிடுங்கிட்டு, அந்தக் கண்ணாடித் தகட்டை மட்டும் பத்திரமா எடுப்பாங்க. அப்புறம் குடோன் கூரையில எரியுமே, 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு, அது ஒண்ணு. அதுக்கு ஒரு சோக், ஒரு இக்னைட்டர். ரெண்டு பிளாஸ்டிக் ஃப்ரெனல் லென்ஸ், முன்னாடி ஒரு கண்ணாடி லென்ஸ், காத்துக்கு கம்ப்யூட்டர் ஃபேன். எல்லாத்தையும் ஒரு ப்ளைவுட் பெட்டிக்குள்ள வெச்சா, சுவத்துல 100 இஞ்ச் படம்.

செலவு சில நூறு டாலர். அதே சமயத்தில் கடையில ஓரளவு நல்ல ப்ரொஜெக்டர் வேணும்னா ஆயிரம் டாலரோ அதுக்கு மேலயோ வைக்கணும். அதோட முடியாது. ஒன்றிரண்டு வருஷத்தில் விளக்கு போயிடும். புது விளக்கு சில நூறு டாலர். அதாவது, கடைக்காரன் கிட்ட விளக்கு மாத்துற காசுல இவங்க முழு ப்ரொஜெக்டரையே செஞ்சு முடிச்சுட்டாங்க!

இதுல தான் என் கேள்வி. பெரிய கம்பெனிகள் கிட்ட இல்லாத எந்த ரகசியம் இந்த ப்ளைவுட் பார்ட்டிங்க கிட்ட இருந்தது? பதில் சொல்லணும்னா சுமார் 350 வருஷம் பின்னாடி போகணும். வாங்க.

வெட்கப்பட்ட விஞ்ஞானி

சுவரில் படம் காட்டும் பெட்டிக்கு நமக்குக் கிடைக்கிற பழைய ஆதாரம் 1659ஆம் வருடத்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் ஹைகன்ஸ் தன் குறிப்பேட்டில் சில சின்னப் படங்கள் வரைந்து வைத்திருக்கிறார். ஒரு எலும்புக்கூடு தன் மண்டையோட்டைக் கழட்டி கையில் எடுத்து, மறுபடி மாட்டிக்கொள்கிறது. லென்ஸ் வைத்த விளக்கில் காட்டுவதற்கான படங்கள் என்று குறிப்பும் இருக்கிறது.

ஹைகன்ஸ் சாதாரண ஆள் இல்லை. 1655ல் சனி கிரகத்தைச் சுற்றும் டைட்டனைக் கண்டுபிடித்தவர், 1656ல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கியவர். அவருக்கு இந்த 'மாய விளக்கு' ஒரு விளையாட்டுச் சாமான், அவ்வளவு தான். 1662ல் அவருடைய அப்பா, பிரெஞ்சு அரசவையில் காட்ட ஒன்று செஞ்சு அனுப்புன்னு கேட்டுவிட்டார். அப்பா பேச்சைத் தட்டவும் முடியலை, இந்தப் பொம்மையோடு தன் பெயர் சேர்வதையும் பொறுக்க முடியலை. என்ன செஞ்சார் தெரியுமா? பாரிஸில் இருந்த தம்பிக்கு எழுதினார்: பெட்டி அங்கே வந்ததும் ஒரு லென்ஸைக் கழட்டிவிடு, வேலை செய்யாமல் போகட்டும்!

ஆக, ப்ரொஜெக்டர் வரலாற்றின் முதல் ரிப்பேரே வேணும்னே செய்யச் சொன்னது தான். ஹி ஹி.

அவர் ஒதுக்கியதை வேறு ஒருத்தர் எடுத்துக்கொண்டார். டென்மார்க்கைச் சேர்ந்த தாமஸ் வால்கென்ஸ்டென் என்கிற கணித ஆசிரியர் 1660களில் ஐரோப்பிய நகரங்களுக்கு இந்த விளக்கை எடுத்துப்போய்க் காட்டினார், விற்கவும் செய்தார். 1671ல் அத்தனாசியஸ் கிர்ஷர் என்கிற ஜெர்மானியப் பாதிரியார் தன் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் இதைப் படம் போட்டு அச்சிட்டார். வேடிக்கை என்னன்னா, அந்தப் படத்தில் ஸ்லைடு லென்ஸுக்கு முன்னால் இருக்கிறது. அப்படி வைத்தால் சுவரில் ஒன்றும் தெரியாது. அதைப் பார்த்துச் செஞ்சவங்க பாடு என்ன ஆகியிருக்கும்!

படம் ரெடி, விளக்கு தான் இல்லை

அன்று முதல் இன்று வரை ப்ரொஜெக்டருக்கு மூணே பாகம் தான். பின்னால் விளக்கு, நடுவில் ஒளி புகும் படம், முன்னால் லென்ஸ். இதில் லென்ஸ் 1659லேயே ஓரளவு நன்றாக இருந்தது. கண்ணாடியில் படம் வரைவதற்கும் ஆள் இருந்தது. தகராறு முழுக்க விளக்கில்.

ஒரு மெழுகுவர்த்தி கொடுக்கிற மொத்த ஒளி சுமார் 12 லூமன். அது எல்லாப் பக்கமும் சிதறுகிறது. லென்ஸுக்குள் போவது அதில் கொஞ்சம். அதைக் கொண்டுபோய் ஒரு சுவர் முழுக்கத் தடவினால் என்ன மிஞ்சும்? அதனால் தான் ஆரம்ப காலத்து மாய விளக்குக்காரர்கள் பேய், பிசாசு, எலும்புக்கூடு என்றே காட்டினார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மங்கலாகத் தெரிந்தால் பேய்க்கு நல்லது தானே!

அதுக்கப்புறம் நடந்த முன்னேற்றம் எல்லாம் விளக்கின் முன்னேற்றம். 1780களில் ஆர்கண்ட் விளக்கு வந்தது. வட்டத் திரி, நடுவில் காற்று போக வழி, மேலே கண்ணாடிக் குழல். ஒரே விளக்கு பல மெழுகுவர்த்திகளுக்குச் சமம். 1820களில் சுட்ட சுண்ணாம்புக் கட்டியை ஆக்சிஜன், ஹைட்ரஜன் தீயில் காய்ச்சி வெள்ளை ஒளி எடுத்தார்கள். கண்ணைக் கூசும் வெளிச்சம். ஆனால் அந்த வாயுக்களைப் பையில் நிரப்பி, மேலே பாரம் வைத்து அழுத்தி, அரங்கத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் காட்சியோடு சேர்ந்து ஆளும் காலி. அதுக்கப்புறம் மின்சாரம், கார்பன் ஆர்க். ரெண்டு கார்பன் குச்சிக்கு நடுவில் பாயும் மின்பொறி. நம்ம ஊர் டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர்கள் ரீல் ஓட ஓட கார்பன் குச்சியைத் தள்ளித் தள்ளி வைத்தது இதற்காகத் தான். குச்சி எரிஞ்சு குறையும், இடைவெளி கூடும், திரை மங்கும், தரை டிக்கெட்டில் இருந்து விசில் வரும்.

கையால் செய்த படங்களை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் காட்டியவர்கள் நம் நாட்டிலும் இருந்தார்கள். பம்பாய் பக்கத்தில் கல்யாண் ஊரைச் சேர்ந்த மகாதேவ் கோபால் பட்வர்தன் 1892ல் 'ஷாம்பரிக் கரோலிகா' என்ற பெயரில் மாய விளக்குக் காட்சியைத் தொடங்கினார். அவரும் மகன்களும் கண்ணாடியில் கையால் வண்ணம் தீட்டிய ஸ்லைடுகள். தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால், திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் ப்ரொஜெக்டரும் படமும் வாங்கி, கூடாரம் போட்டுக் காட்டக் கிளம்பினார். படம் காட்டும் தொழிலுக்கு நம்ம ஊரில் பிள்ளையார் சுழி அது.

ஆனா விளக்குப் பிரச்சனையை பைசா செலவில்லாம தீர்த்தது யார்னு கேட்டா, எங்க அப்பா தலைமுறைப் பசங்க தான். ஃபியூஸ் போன குண்டு பல்பின் அடியைத் தட்டி, உள்ளே இருக்கிற கம்பியை எல்லாம் எடுத்துட்டு, தண்ணி ஊத்துவாங்க. அது தான் லென்ஸ். தியேட்டர் வாசல்ல பொறுக்கின ஃபிலிம் துண்டு தான் ஸ்லைடு. வெளியில ஒருத்தன் முகம் பாக்கிற கண்ணாடியை வெச்சு வெயிலைத் திருப்பி இருட்டு ரூமுக்குள்ள அடிப்பான். சுவத்துல எம்.ஜி.ஆரோ சிவாஜியோ தெரிவாங்க, அசையாமல். நம்ம கையில கிடைக்கிற விளக்குகளிலேயே பெருசு சூரியன். அதுக்கு சோக்கும் வேண்டாம், இக்னைட்டரும் வேண்டாம். பகல்ல மட்டும் தான் ஷோ, மேகம் வந்தா இன்டர்வெல்!

தலைகீழ் டிவி

டிவி வந்ததும் ஆசை மாறியது. அசையாத படம் போய், ஓடுகிற படத்தையே சுவரில் பார்க்க வேண்டும். 1970களின் முற்பகுதியில் அமெரிக்காவில் ஹென்றி க்ளாஸ் என்பவரின் அட்வென்ட் கம்பெனி, வீட்டுக்கான ப்ரொஜெக்ஷன் டிவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூணு தனி பிக்சர் டியூப். நல்ல சாமான், ஆனால் பணக்கார வீட்டுச் சாமான்.

அந்த விலை கொடுக்க முடியாதவர்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் கிளம்பியது. 'உங்கள் டிவியை சினிமா திரையாக மாற்றுங்கள்' என்று பத்திரிகைகளில் சின்னச் சின்ன விளம்பரங்கள். காசு அனுப்பினால் ஒரு வரைபடமும் ஒரு பிளாஸ்டிக் லென்ஸும் தபாலில் வரும். அட்டையிலோ மரத்திலோ ஒரு பெட்டி செய்து, உள்ளே டிவியை வைத்து, முன்னால் லென்ஸை மாட்ட வேண்டும்.

மாட்டினால் முதல் அதிர்ச்சி: படம் தலைகீழ். லென்ஸின் குணம் அது. சரின்னு டிவியைத் தூக்கித் தலைகீழா வைப்போம். இப்போ ரெண்டாவது அதிர்ச்சி: ஆள் நிமிர்ந்துட்டான், ஆனா எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாறிப்போச்சு! அதைச் சரிபண்ண ஒண்ணு நடுவுல ஒரு கண்ணாடி வைக்கணும், இல்லைன்னா டிவிக்குள்ள கை விட்டு, டியூப் கழுத்துல இருக்கிற காயிலுக்குப் போற ஒயரை மாத்தணும். டியூப் டிவிக்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும், ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். தபாலில் லென்ஸ் வாங்கினவர் செய்யற வேலையா அது?

மூணாவது அதிர்ச்சி தான் பெருசு. படம் தெரியவே தெரியாது. கணக்கு போட்டுப் பார்ப்போம். 13 இஞ்ச் டிவியை 65 இஞ்ச் ஆக்கினால் நீளம் 5 மடங்கு, பரப்பு 25 மடங்கு. அதே வெளிச்சம் 25 மடங்கு இடத்தில் பரவுகிறது. தவிர, டிவி திரை எல்லாத் திசையிலும் ஒளியைச் சிதறவிடுகிறது. லென்ஸ் நன்றாகவே பெரியது என்றாலும் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தான் பிடிக்கும். ஆகமொத்தம் டிவியின் பளிச்சில் சுமார் 300ல் ஒரு பங்கு தான் சுவரில் மிஞ்சும். அறையைக் கும்மிருட்டாக்கி, கண் பழகும் வரை உட்கார்ந்தால் ஏதோ நிழல் ஆடும். அதைத் தாண்டி ஒன்றுமில்லை.

இதில் மோசம் போனவர்கள் நிறைய. ஆனால் லென்ஸைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. தானே ஒளிரும் படத்தை விட, பின்னால் இருந்து எவ்வளவு வேண்டுமானாலும் ஒளி அடிக்கக்கூடிய, ஒளி புகும் படம் தான் ப்ரொஜெக்டருக்கு வேண்டும். ஹைகன்ஸின் எலும்புக்கூடு மாதிரி. ஓடுகிற படத்துக்கு அப்படி ஒரு ஸ்லைடு எங்கே போவது?

கலங்கரை விளக்கமும் வகுப்பறையும்

அந்த ஸ்லைடு எல்.சி.டி. ரூபத்தில் வந்தது. 1968ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வகத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் குழு திரவப் படிகத் திரையை உலகுக்குக் காட்டியது. அடுத்த இருபது வருஷத்தில் கால்குலேட்டர், கைக்கடிகாரம், லேப்டாப் என்று அது வளர்ந்தது. எல்.சி.டி. தானாக ஒளிராது. பின்னால் இருந்து வரும் ஒளியை ஒவ்வொரு புள்ளியிலும் விடும், அல்லது தடுக்கும். அதாவது நொடிக்கு அறுபது தடவை மாறுகிற ஸ்லைடு!

இன்னொரு பக்கம் லென்ஸ். பிரெஞ்சுக்காரர் அகஸ்டின் ஃப்ரெனல் 1822ல் ஒரு யோசனை சொன்னார். பெரிய லென்ஸில் வேலை செய்வது வளைந்த மேற்பரப்பு மட்டும் தான், உள்ளே இருக்கிற கண்ணாடிக் கனம் தண்டச் சுமை. அதை வெட்டி எறிந்துவிட்டு, வளைவுகளை மட்டும் வட்ட வட்டப் படிகளாக அடுக்கினால் லென்ஸ் லேசாகும். 1823ல் பிரான்ஸின் கோர்டுவான் கலங்கரை விளக்கத்தில் அதை மாட்டினார்கள். கப்பலைக் காப்பாற்றச் செய்த அந்த லென்ஸைப் பிற்பாடு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் அச்சடிக்க முடிந்தது. ஒரு தகடு, மேலே ஊசி வரி மாதிரி வட்டங்கள். அது நேராக வந்து உட்கார்ந்த இடம், 1960களில் 3எம் கம்பெனி பரப்பிய ஓவர்ஹெட் ப்ரொஜெக்டர். காலேஜ் செமினாரில் டிரான்ஸ்பரன்சி ஷீட்டை எந்தப் பக்கம் வைப்பது என்று தடவுவார்களே, அந்த ஓ.எச்.பி. தான். ஷீட் வைக்கிற கண்ணாடிக்குக் கீழே இருப்பது ஃப்ரெனல் லென்ஸ்.

1980களின் பிற்பகுதியில் இந்த இரண்டும் சந்தித்தன. ஓ.எச்.பி. மேல் ஷீட்டுக்குப் பதிலாக வைக்கிற எல்.சி.டி. பலகைகளைக் கம்பெனிகளே விற்றன. கம்ப்யூட்டர் திரையில் இருப்பது சுவரில் தெரியும். விலை அதிகம், நிறம் சுமார், படம் மாறும்போது இழுக்கும். ஆனால் வழி தெரிந்துவிட்டது. 2000களில் 15 இஞ்ச் மானிட்டர் மலிவானதும், அதைக் கழட்டி ஓ.எச்.பி. மேல் வைத்துப் பார்க்க யாருக்கும் பேடன்ட் தேவைப்படவில்லை. ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்சம் துணிச்சலும் போதும். டிவிப் பெட்டியைப் படுத்திய தலைகீழ், இட வலத் தொல்லையும் இங்கே இல்லை. ஸ்லைடு மாதிரி தகட்டைத் திருப்பிச் சொருகினால் முடிஞ்சது.

சின்னதில் தான் செலவு

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். இவ்வளவு சுலபம்னா கம்பெனிகள் ஏன் செய்யலை?

கம்பெனி ப்ரொஜெக்டருக்குள் இருக்கும் எல்.சி.டி. தகடோ, டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் லாரி ஹார்ன்பெக் 1987ல் உருவாக்கிய நுண்கண்ணாடி சிப்போ, பெரும்பாலும் 1 இஞ்ச் சுமாருக்குத் தான் இருக்கும். அப்போது தான் லென்ஸ் சின்னதாகும், பெட்டி ப்ரீஃப்கேஸுக்குள் அடங்கும், சேல்ஸ் ஆள் தூக்கிக்கொண்டு மீட்டிங் போக முடியும்.

ஆனா இயற்பியல் இங்க ஒரு முட்டுக்கட்டை போடுது. ஒரு விளக்கின் ஒளி எவ்வளவு பெரிய இடத்தில் இருந்து கிளம்புகிறது, எவ்வளவு கோணத்தில் விரிகிறது, இந்த இரண்டையும் சேர்த்துப் பெருக்கி வருகிற அளவை எந்த லென்ஸாலும் குறைக்க முடியாது. ஒன்றைச் சுருக்கினால் இன்னொன்று விரியும். பெரிய விளக்கின் ஒளியைச் சின்ன ஜன்னல் வழியாக அனுப்புவது, அண்டாவைக் கவிழ்த்து பாலாடையில் ஊற்றுகிற மாதிரி. முக்கால்வாசி தரையில் போகும்.

அதனால் 1 இஞ்ச் தகட்டுக்கு, ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கு மட்டும் மின்பொறி ஓடுகிற விளக்கு வேண்டும். அப்படி ஒரு விளக்கை ஃபிலிப்ஸ் 1995ல் கொண்டு வந்தது. மொச்சைக் கொட்டை அளவு குவார்ட்ஸ் குமிழ், உள்ளே எரியும்போது சுமார் 200 வளிமண்டல அழுத்தத்தில் பாதரச ஆவி. அற்புதமான பொறியியல், சந்தேகமே இல்லை. ஆனால் அது ப்ரொஜெக்டருக்கு மட்டுமே பயன்படும், செய்வது கஷ்டம், ஆயுள் சில ஆயிரம் மணி நேரம். அதனால் தான் அந்த விலை.

ப்ளைவுட் பார்ட்டிகளின் தகடு 15 இஞ்ச். நீளத்தில் 15 மடங்கு, பரப்பில் 225 மடங்கு. ஜன்னல் அவ்வளவு பெருசாயிட்டா, சில சென்டிமீட்டர் நீளத்துக்கு மின்பொறி ஓடுகிற குடோன் விளக்கே போதும். அந்த விளக்கு உலகம் முழுக்க லட்சக்கணக்கில் செய்யப்படுகிறது, எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிறது, ப்ரொஜெக்டர் விளக்கை விட ரொம்ப நாள் எரிகிறது, விலையும் கொஞ்சம் தான்.

இது தாங்க அந்த ரகசியம். அவங்க புதுசா எதையும் கண்டுபிடிக்கலை. சின்னதா இருக்கணும் என்கிற ஒரே ஒரு நிபந்தனையை விட்டுக்கொடுத்தாங்க. தகடு ஆபீஸ் மேஜையில் இருந்து, விளக்கு குடோனில் இருந்து, லென்ஸ் வகுப்பறையில் இருந்து, ஃபேன் கம்ப்யூட்டரில் இருந்து. எல்லாமே வேறு எதற்காகவோ கோடிக்கணக்கில் செய்யப்பட்டு மலிவானவை. கம்பெனி இதைச் செய்ய முடியாததற்குக் காரணமும் இது தான். சின்ன பீரோ அளவு ப்ரொஜெக்டரைக் காசு கொடுத்து வாங்க ஆள் வருமா? தன் கையால் செஞ்சவனுக்கு மட்டும் தான் அந்த பீரோ அழகா தெரியும் :-)

பெட்டிக்குள்ளே

செய்முறையை முழுசா எழுதப் போறதில்லை, ஆனா உள்ளே என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம். விளக்கில் இருந்து சுமார் 220 மி.மீ. தள்ளி முதல் ஃப்ரெனல். விரிந்து வருகிற ஒளியை அது நேர்க்கோடாக்கும். அந்த நேர் ஒளி தகட்டைக் கடக்கும். அடுத்து இரண்டாவது ஃப்ரெனல், அது எல்லா ஒளியையும் குவித்து முன்னால் இருக்கிற லென்ஸுக்குள் அனுப்பும். முன் லென்ஸின் குவிய தூரம் 320 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 15 இஞ்ச்சை 100 இஞ்ச் ஆக்க, அதாவது சுமார் 6.7 மடங்காக்க, லென்ஸில் இருந்து சுவர் 320ஐ 7.7ஆல் பெருக்கிய தூரம். கிட்டத்தட்ட 2.5 மீட்டர், எட்டடி. ஒரு சாதாரண பெட்ரூமுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

வெளிச்சக் கணக்கு? 400 வாட் மெட்டல் ஹாலைடு சுமார் 36,000 லூமன் தரும். மூவாயிரம் மெழுகுவர்த்தி! அதில் கால் பங்கை ஃப்ரெனல் பிடித்தால் 9,000. இனிமேல் தான் கொள்ளை. எல்.சி.டி.யின் முதல் போலரைசர் பாதியைத் தின்னும், கலர் ஃபில்டர் மூன்றில் இரண்டு பங்கைத் தின்னும், புள்ளிகளுக்கு இடையில் ஓடுகிற கம்பிகள் மிச்சத்தில் கொஞ்சம். கடைசியில் தகட்டைத் தாண்டி வருவது நூற்றுக்கு ஐந்தாறு. 500 லூமன் என்று வைத்துக்கொண்டால், லென்ஸ் இழப்பு போக சுவரில் சுமார் 400. கடை ப்ரொஜெக்டர் இதை விடப் பளிச்சென்று இருந்தது உண்மை தான். ஆனால் விளக்கை அணைத்த அறையில் 400 லூமன் தாராளம்.

தின்னப்பட்ட ஒளி எங்கே போகும்? சூடாக மாறும். அதனால் இந்தக் காலத்து ஆட்கள் படத்தோடு பட்ட பாட்டை விடச் சூட்டோடு பட்ட பாடு அதிகம். எல்.சி.டி. ஒரு அளவுக்கு மேல் சூடானால் திரவப் படிகம் தன் ஒழுங்கை இழந்துவிடும். படத்தின் நடுவில் ஒரு கருப்பு வட்டம் தோன்றி, மை கொட்டின மாதிரி பரவும். உடனே அணைத்து ஆறவிட்டால் பெரும்பாலும் திரும்பி வரும். அதனால் விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவில் வெப்பம் தடுக்கிற கண்ணாடி, தகட்டின் இரண்டு பக்கமும் ஃபேன் காற்று. இன்னொரு தலைவலி, தகட்டையும் சர்க்யூட் போர்டையும் இணைக்கிற ரிப்பன் ஒயர். சில மாடல்களில் அது ரொம்பக் குட்டை. போர்டை ஒளி வழியை விட்டு ஓரமாக ஒதுக்கவே முடியாது. மானிட்டரைக் கழட்டிப் பார்த்தால் தான் தெரியும். அதனால் எந்த மாடலில் ரிப்பன் நீளம் என்று பட்டியல் போட்டுக் கைமாற்றிக் கொண்டார்கள்.

ஆபத்துகளையும் சொல்லிடணும். மெட்டல் ஹாலைடைப் பற்றவைக்க இக்னைட்டர் சில ஆயிரம் வோல்ட் துடிப்புகளைத் தரும். விளக்கின் வெளிக் கண்ணாடி உடைந்தும் உள்ளே எரிந்துகொண்டிருந்தால், புற ஊதாக் கதிர் கண்ணையும் தோலையும் பதம் பார்க்கும். ஒரு தடவை அணைத்தால் விளக்கு ஆறும் வரை பல நிமிஷம் மறுபடி எரியாது. கரன்ட் ஒரு செகண்ட் போய் வந்தால் க்ளைமாக்ஸில் எல்லோரும் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியது தான். சுண்ணாம்பு விளக்குக்காரரின் வாயுப் பை, கார்பன் ஆபரேட்டரின் பொறி, இவர்களின் இக்னைட்டர். வெளிச்சத்தை மலிவாக எடுத்தவர்கள் யாரும் பயமில்லாமல் எடுக்கவில்லை.

இப்போ அந்தப் பெட்டி எங்கே?

2000கள் முடிவதற்குள் கடை ப்ரொஜெக்டர் விலை இறங்கியது, பெரிய எல்.சி.டி. டிவிகள் மலிந்தன. ப்ளைவுட் பெட்டிகள் மெல்ல மெல்லப் பரணுக்குப் போயின.

ஆனால் அந்த வடிவமைப்பு சாகவில்லை. 2010களில் ஆன்லைன் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்கு வந்து குவிந்த சீன எல்.ஈ.டி. ப்ரொஜெக்டரை யாராவது கழட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரே ஒரு எல்.சி.டி. தகடு, பெரும்பாலும் நாலைந்து இஞ்ச், போனுக்கும் டேப்லெட்டுக்கும் செய்கிற ஜாதி. முன்னும் பின்னும் ஃப்ரெனல் தகடுகள். பின்னால் ஒரு வெள்ளை எல்.ஈ.டி., ஒரு ஃபேன். அதே பெட்டி, அளவு மட்டும் சுருங்கியது. குடோன் விளக்கின் இடத்துக்கு எல்.ஈ.டி. வந்ததால் அதைச் சுருக்க முடிந்தது. தொழில் ரகசியமா இல்லாம ஊர் சொத்தா இருந்த ஒரு யோசனை, கடைசியில் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு விஷயம் மட்டும் வழியில் தொலைந்துபோனது. செஞ்சவனுக்குத் தன் பெட்டியின் ஒவ்வொரு லூமனும் எங்கே போகுதுன்னு தெரியும். விளக்கு போனால் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போவான். வாங்கினவனுக்கு எல்.ஈ.டி. போனால் பெட்டியே போச்சு. அதை விட மோசம், அட்டைப் பெட்டி மேல் என்ன அச்சடித்தாலும் நம்ப வேண்டியது தான். '9,000 லூமன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீங்க.

அதனால ஒரு உருப்படியான கணக்கோட முடிக்கிறேன். அடுத்த தடவை இப்படி ஒரு பெட்டி வாங்கப் போனா, லூமனைப் பார்க்காதீங்க, அடாப்டரிலோ பின்பக்க லேபிளிலோ இருக்கிற வாட்டைப் பாருங்க. 60 வாட்னு இருந்தா, ஃபேன், போர்டு, ஸ்பீக்கர் போக எல்.ஈ.டி.க்கு 45 வாட்னு வெச்சுக்கலாம். வாட்டுக்கு 110 லூமன் வீதம் சுமார் 5,000. அதில் பாதியை லென்ஸ் பிடிச்சாலும் 2,500. தகடு விடுவது நூற்றுக்கு ஆறு. ஆக 150 லூமன். நல்ல தகடு, நல்ல லென்ஸ்னா 200. அட்டையில் எத்தனை சைபர் இருந்தாலும் சுவத்துக்கு வருவது இவ்வளவு தான். இருட்டு ரூம்ல 60, 70 இஞ்ச் படத்துக்கு அது போதும், பகல்ல ஹால்ல கிரிக்கெட் பார்க்க போதவே போதாது. எது வேணும்னு முடிவு பண்ணிட்டு காசு குடுங்க.

உங்க வீட்ல தண்ணி பல்பு ப்ரொஜெக்டர் ஓட்டின பெரியவங்க இருந்தா, எந்தப் படத்து ஃபிலிம் துண்டு வெச்சிருந்தாங்கன்னு கேட்டு பின்னூட்டத்துல போடுங்க. எங்க அப்பா கிட்ட இருந்தது 'அடிமைப்பெண்' துண்டாம். கூட இருந்த பையன் அதை ரெண்டு கோலிக்கு வாங்கிட்டுப் போயிட்டானாம். இன்னைக்கும் அந்த வியாபாரம் அவருக்கு நஷ்டம் தான்.